நான்தான் என்று சொல்கிற சமையல்கட்டு

எங்கள் அக்காவைக் குரு என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். "குருவாவது குருமாவாவது, போய் அடுப்பைப் பாருடா" என்பார். ஆனாலும் நான் அப்படித்தான் சொல்வேன். பதினாலு வருஷமாக அவர் பின்னால் விசேஷ வீடு விசேஷ வீடாக அலைகிறேன். எனக்கு ரசம் வைப்பதைத் தவிர வேறு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ஆளைத் தெரியும்.

அக்கா பேர் தெய்வானை. ஊர் கிணத்துக்கடவு. வயசு நாற்பத்தைந்து. கல்யாணம், காதுகுத்து என்று சமைத்துக் கொடுக்கிற எங்கள் குழுவில் அவரையும் சேர்த்து முப்பத்திரண்டு பேர்.

சிஷ்யர் பேர் சென்னியப்பன். அவருக்கு ஐம்பத்தெட்டு. கோயமுத்தூரில் மோட்டார் கம்பெனி முதலாளி. போர்வெல்லுக்குள் இறக்குவார்களே, அந்த மோட்டார். நூற்றுநாற்பது பேர் வேலை செய்கிற இடம். அப்பேர்ப்பட்டவர் எங்கள் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் வந்து எப்படி உட்கார்ந்தார் என்பதுதான் விஷயம்.

அது என்னால் ஆரம்பித்தது.

தை மாசம், பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். மதியப் பந்திக்கு ரசம் கொதிக்கிறது. பேச்சு சுவாரசியத்தில் உப்பை இரண்டாம் தடவையும் அள்ளிப் போட்டுவிட்டேன். போட்ட கை அண்டாவுக்கு மேலேயே நிற்கிறது. கத்தினேன்.

"அக்கா! ரசத்துல உப்பு ரெண்டு தரம் விழுந்திருச்சு! நான்தானுங்க!"

"எவ்வளவு?"

"ரெண்டு கை!"

"தண்ணியும் புளியும் ஏத்து. பருப்புத் தண்ணி இந்தாண்ட இருக்குது பாரு, அதையும் ஊத்து. மல்லித்தழை அப்புறம் போட்டுக்கலாம்."

அவ்வளவுதான். பொரியல் கிண்டுகிறவர்கள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

கல்யாணத்துக்கு வந்திருந்த சென்னியப்பன் கை கழுவ இடம் தேடி எங்கள் வாசல் வரைக்கும் வந்திருக்கிறார். வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். வெள்ளை வேட்டி, தங்க பிரேம் கண்ணாடி. நேராக என்னிடம் வந்தார்.

"ஏப்பா, நீயாத்தானே சொன்னே?"

"ஆமாங்க."

"போட்டதை யாரும் பாக்கலையே."

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குச் சொன்னே?"

இது என்ன கேள்வி? "சொல்லாட்டி ரசம் கரிக்குமுங்களே" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அக்காவிடம் போனார்.

"அம்மிணி, இவனை எப்படிப் பழக்குனீங்க?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பந்தி முடியட்டுமுங்க" என்றார்.

மனுஷன் உட்கார்ந்தார். மூன்று பந்தி முடிகிற வரைக்கும் தேங்காய் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து கூப்பிட்டும் போகவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவருக்கு எங்கேயோ பலமாக அடிபட்டிருக்கிறது என்று.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்கண்ணா."

"மோட்டாருக்குள்ள காயில்னு கம்பியைச் சுருளாக் கட்டறது பூரா பொம்பளைங்கதானுங்க. முப்பத்திநாலு பேரு. கம்பி மேல தோலாட்டம் ஒரு உறை இருக்கும். கட்டறப்ப இரும்பு விளிம்புல லேசா உரசினாப் போதும், உறை கிழிஞ்சிரும். கிழிஞ்சது கட்டறவங்க விரலுக்குத் தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாது. டெஸ்ட்லகூடத் தப்பிச்சிரும். தண்ணிக்குள்ள ரெண்டு மாசம் நல்லா ஓடும். அப்புறம் ஒரு நாளு கருகிரும்."

"ம்."

"இந்த நாலு மாசத்துல முப்பது மோட்டார் கருகித் திரும்பி வந்திருச்சுங்க. ஆந்திராவுல ஒரு வியாபாரி, எங்க மோட்டார்ல பாதிக்கு மேல அவருதான் எடுக்கறாரு. பங்குனில போற லோடும் இப்படி ஆச்சுன்னா இனி உங்க சங்காத்தமே வேண்டாம்னுட்டாரு. அவரு போயிட்டாருன்னா காயில் கட்டற பிரிவை மூடோணும். அந்த முப்பத்திநாலு பேரையும் வீட்டுக்கு அனுப்போணுமுங்க."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன பண்ணிப் பாத்தீங்க?"

"பண்ணாம இருப்பனுங்களா? சென்னையிலிருந்து ஒரு ஆலோசகரைக் கூட்டிட்டு வந்தேன். பெரிய ஆளு. திட்டம் போட்டுக் குடுத்தாரு. காயில் கட்டற இடத்துல ஒரு பலகை. அதுல எல்லாப் பொம்பளைங்க பேரும் போட்டோவும். தப்பு பண்ணாட்டிப் பச்சை நட்சத்திரம். பண்ணுனா செவப்புப் பொட்டு."

"இப்ப எத்தனை செவப்புங்க?"

"ஒண்ணுகூட இல்லீங்க. பலகை வெச்சு மூணு மாசமாப் பூராப் பச்சை."

"மோட்டாரு?"

"கருகுதுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா என்னை ஒரு முறை முறைத்தார். வாயைப் பொத்திக்கொண்டேன்.

"பொம்பளைங்க மேல தப்பில்லீங்க" என்றார் சென்னியப்பன். "எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம். பக்கத்துல இருக்கறவளைக் காட்டிக் குடுக்க மாட்டாங்க. தன்னைப் பத்தியும் வாய் திறக்க மாட்டாங்க. மானம் போயிருமுன்னு பயம். இந்த ஊர்ப் புத்தியே அப்படின்னு அந்த ஆலோசகர் சொல்றாரு."

"இந்தக் குழந்தைவேலு எந்த ஊருங்க?" என்று அக்கா என்னைக் காட்டினார்.

"எந்த ஊரு?" என்றார் அவர்.

"இதே ஊருதானுங்க."

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் பல்லைக் காட்டினேன்.

"எனக்கு ஒரு வழி சொல்லுங்க அம்மிணி."

"வர்ற வியாழக்கிழமை நெகமத்துல ஒரு காதுகுத்து. அறுநூறு பேருக்கு மதியச் சாப்பாடு. காலைல ஆறு மணிக்கு வந்திருங்க. செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க."

வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கார் வந்து நின்றது.

எங்கள் சமையல்கட்டில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்புக்குச் சூடம் காட்டி விழுந்து கும்பிட்டதும் உடனே பற்றவைக்க மாட்டோம். சுற்றி நிற்போம். போன விசேஷத்தில் யார் என்ன கோட்டை விட்டார்கள் என்று அவரவர் வாயாலேயே சொல்ல வேண்டும். அடுத்தவர் தப்பைச் சொல்லக் கூடாது. தன்னுடையதை மட்டும். எப்போதும் அக்காதான் முதலில்.

அன்றைக்கும் அப்படித்தான். "போன கல்யாணத்துல கேசரிக்கு ரவை வறுக்கறப்ப போனு பேசிட்டே வறுத்தேன்" என்றார் அக்கா. "அடிப்பிடிச்சிருச்சு. கொட்டிட்டு மறுபடி வறுத்தோம். முதல் பந்திக்காரங்க கால்மணி நேரம் இலையைப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. நான்தான்."

"சரிங்கக்கா" என்றோம்.

நான் என் உப்புக் கதையைச் சொன்னேன். இன்னொருத்தர் அப்பளத்தை நமுக்க விட்டதைச் சொன்னார். அக்கா சென்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் சொல்லுங்கண்ணா. கம்பெனிக் கதையா இருந்தாலும் சரி."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மேடையில் பேசுகிறவர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"என்னைக்குமே நான் பண்ணுன தப்பு என்னன்னா, எல்லாரையும் ரொம்ப நம்பிட்டேன்."

நாங்கள் எல்லோரும் குபீரென்று சிரித்துவிட்டோம். காய் நறுக்குகிற ரத்தினாக்காவுக்கு இருமலே வந்துவிட்டது.

"அடுப்பைப் பத்தவையுங்கடா" என்றார் அக்கா.

சென்னியப்பன் முகம் கறுத்துப்போனது. ஆனால் போய்விடவில்லை. அந்த விஷயத்தில் மனுஷனைப் பாராட்ட வேண்டும். வெங்காயம் உரித்தார். தேங்காய் உடைத்தார். முந்திரியை நெய்யில் வறுத்து பாயச அண்டாவில் கொட்டினார்.

பதினோரு மணி இருக்கும். எங்களுக்கெல்லாம் பேப்பர் கப்பில் டீ வந்தது. முதலாளி என்று தெரிந்ததால் வீட்டுக்காரர்கள் அவருக்கு மட்டும் மரியாதையாகக் கண்ணாடி டம்ளரில் கொடுத்தனுப்பினார்கள்.

இனி நான் சொல்வது பிற்பாடு அவரே எங்களிடம் சொன்னது.

டீயைக் குடித்துவிட்டு, பால் பாயச அண்டாவை எட்டிப் பார்த்திருக்கிறார். கை வழுக்கியது. டம்ளர் அண்டாவின் விளிம்பில் இடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை. கையில் பிடித்துவிட்டார். பார்த்தால் டம்ளர் வாயில் ஒரு சில்லு இல்லை. சுண்டுவிரல் நகம் அளவு. தரையில் குனிந்து தேடினார். இல்லை. பாயசத்தைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று கொதித்துக்கொண்டிருந்தது.

யாரும் பார்க்கவில்லை.

டம்ளரை கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் அவரைப் பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை. "அடுப்புச் சூடு ஒத்துக்கலீங்களா?" என்றேன். "ஆமாப்பா" என்றார்.

மூன்று தடவை எழுந்தார். மூன்று தடவையும் உட்கார்ந்தார். இரண்டாம் தடவை அக்கா பக்கத்தில் வரைக்கும் போய், "சாம்பாரு நல்லா மணக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தார்.

பந்தி உட்காரப் போகிறார்கள் என்று சத்தம் கேட்டது. பாயசத்தை வாளிகளில் மொண்டார்கள். இரண்டு வாளி வாசலைத் தாண்டியது. பெண் குழந்தைக்குக் காது குத்தி, அழுகையை நிறுத்தப் பாயசம்தான் முதலில் ஊட்டுவோம் என்று யாரோ பாட்டுப் பாடுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார்கள்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. அது சென்னியப்பன் குரல் மாதிரியே இல்லை.

"பாயசத்தை எடுக்காதீங்க! கண்ணாடி விழுந்திருக்குது! நான்தான்! நான்தானுங்க!"

நான் ஓடினேன். பந்தி வாசலில் இருந்த இரண்டு வாளியையும் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஒரு கரண்டிகூடப் பரிமாறியிருக்கவில்லை.

"எப்ப விழுந்துச்சுங்க?" என்று அக்கா கேட்டார்.

"இருவது நிமிசம்... இருவது நிமிசம் ஆச்சுங்க."

"எவ்வளவு பெருசு?"

விரலைக் காட்டினார். "உள்ள விழுந்துச்சா வெளிய விழுந்துச்சான்னே தெரியலீங்க. வடிகட்டித் தேடிப் பாக்கலாங்களா?"

"தேடிக் கிடைக்காட்டிப் பரிமாறிருவீங்களா?"

அவர் அண்டாவை விட்டு ஒதுங்கி நின்றார்.

"பின்னால குழியில கொட்டுங்க" என்றார் அக்கா. "ரத்தினம், சேமியாவ வறு. குழந்தைவேலு, பால் எத்தனை இருக்குதுன்னு பாரு. இன்னொரு அண்டாவைக் கழுவி ஏத்துங்க. அண்ணா, நீங்க முந்திரி வறுங்க. இப்பத்தான் நல்லா வறுத்தீங்களே."

எல்லோரும் ஓடினோம். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் வந்தார். குழந்தையின் அப்பா. வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார்.

"பாயசம் எங்கம்மா? வாளியப் பிடுங்கிட்டு ஓடறாங்களாமே? தாய்மாமன் வீட்டுக்காரங்க முன்னால என்னைத் தலைகுனிய வெச்சுட்டீங்களே!"

"எங்கைல தப்பு நடந்துபோச்சுங்க" என்றார் அக்கா. "கொட்டிட்டேன். அரைமணி நேரத்துல வேற பாயசம் வருமுங்க."

"பெரிய சமையல்காரின்னு சொன்னாங்க. இதானா லட்சணம்?"

அக்கா தலையைக் குனிந்து நின்றார். சென்னியப்பன் வறுத்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். அக்கா கையில் இருந்த நீளக் கரண்டியை அவருக்குக் குறுக்கே நீட்டினார். அவர் நின்றுவிட்டார். வீட்டுக்காரர் இன்னும் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துவிட்டுப் போனார்.

சேமியா பாயசம் கடைசிப் பந்தி வரைக்கும் வந்தது. நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எல்லாம் முடிந்து எங்களுக்கு இலை போட்டார்கள். சென்னியப்பன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் பண்ணுனதுக்கு நீங்க எதுக்குத் திட்டு வாங்குனீங்க?"

"சமையல் என்னுதுதானுங்களே."

"நான் இருவது நிமிசம் சொல்லாம இருந்தேன். அதுக்காவது என்னை ரெண்டு வார்த்தை கேக்கலாமல்லங்க?"

"சரி, கேக்கறேன். அந்த இருவது நிமிசம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவர் இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"அந்தப் பலகை தெரிஞ்சுதுங்க" என்றார். "எம்பட போட்டோவுக்குப் பக்கத்துல செவப்புப் பொட்டு."

அவர் கண் கலங்கியது. நாங்கள் பார்க்காத மாதிரி சோற்றைப் பிசைந்தோம். அக்கா அவர் இலையில் தன் கையாலேயே ஒரு கரண்டி பாயசம் விட்டார்.

"சாப்பிடுங்கண்ணா. ஆறிப்போகுது."

மறுநாளே அவர் பலகையைக் கழற்றிவிட்டார். காயில் கட்டுகிற இடத்தில் முப்பத்திநாலு பேருக்கும் நடுவில் போய் நின்றார். இதையும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"முன்னால ஒருத்தர் ஒரு நாளைக்கு மூணு மோட்டார் கட்டிட்டிருந்தீங்க. நாலு கட்டோணும்னு மாத்தினேன். நாலு கட்டறதுன்னா கை பதறும், கம்பி உரசும். எனக்கே தெரியும். எங்கப்பா காலத்துல நானும் கட்டியிருக்கறேன். தெரிஞ்சும் நாலாக்குனது நான்தான். இன்னையிலிருந்து மூணு."

மேனேஜருக்குத் தலை சுற்றியதாம். பொம்பளைகள் ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து அவரவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. தினமும் காலையில் போய் நிற்பார். தான் செய்த ஏதாவது ஒரு தப்பைச் சொல்வார். திரும்பி வருவார்.

அக்காவுக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"அம்மிணி, எம்பட தப்பெல்லாம் தீர்ந்துபோச்சு. ஒருத்தரும் வாயைத் திறக்கலை. லோடு போக இன்னும் பத்து நாளுதான் இருக்குது."

"இந்தக் குழந்தைவேலு எங்கிட்டச் சேந்து ரெண்டு வருசம் வாயே திறக்கலீங்க."

"ரெண்டு வருசமா! அப்ப ரசம்?"

"கரிச்சுதுங்க."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"போற பக்கமெல்லாம் திட்டு வாங்குனேன்."

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அந்த இரண்டு வருஷமும் ரசம் கரித்தது என்னால்தான் என்று அக்காவுக்குத் தெரியாது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போங்கள், அதெல்லாம் இப்போது எதற்கு.

லோடு போகிற நாள் வந்தது. நானூறு மோட்டாரும் லாரியில் ஏறிவிட்டது. கயிறு கட்டி முடித்தாயிற்று. டிரைவர் தேங்காய் சுற்றி உடைக்கப் போகிறார். அப்போது காயில் பிரிவிலிருந்து மகேஸ்வரி என்கிற அம்மா வெளியே வந்தார். பன்னிரண்டு வருஷமாக அங்கே வேலை செய்கிறவர். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தார். நாலாக மடித்தது.

"அண்ணா, லாரி போக வேண்டாமுங்க."

"ஏம்மா?"

"போன செவ்வாக்கிழமை ஒரு மோட்டார்ல கம்பி உரசிருச்சுங்க. விரலுக்குத் தெரிஞ்சுது. சொல்லலை. நம்பரை மட்டும் இதுல எழுதி வெச்சிருக்கறேன். நான்தானுங்க அண்ணா."

அந்த அம்மா லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

சென்னியப்பன் எங்களிடம் உள்ளது உள்ளபடி சொன்னார். "போன வாரமே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதான்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சுங்க. வந்ததை அப்படியே முழுங்கினேன்."

"நம்பர் என்னம்மா?" என்று மட்டும் கேட்டாராம்.

பிறகு கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். மேனேஜர் ஓடி வந்தார். "ஒரு மோட்டாருக்காகவா நானூறையும் இறக்கறது?" என்றார். "ஆமா" என்றார் முதலாளி. பாதி இறக்குவதற்குள் இன்னொரு பெண் வந்தாள். அப்புறம் இன்னொருத்தி. ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள், அவளுடையது மூன்று. சாயங்காலத்துக்குள் ஒன்பது மோட்டார் தனியாக நின்றது. பிரித்துப் பார்த்தார்கள். ஒன்பதில் எட்டில் உறை கிழிந்திருந்தது.

சென்னியப்பன் அங்கேயே நின்று, பொம்பளைகள் கேட்க, ஆந்திராக்காரருக்கு போன் போட்டார்.

"லோடு ஒரு வாரம் தாமதமா வரும். மோட்டார் எண்ணிக்கையும் கொஞ்சம் குறையும். எங்கைல தப்பு நடந்துபோச்சு. எல்லாத்தையும் திரும்பப் பாத்துத்தான் அனுப்புவேன்."

யார் பண்ணிய தப்பு என்று அந்த வியாபாரி கேட்டதற்குச் சென்னியப்பன் பதில் சொன்னார். "யாரும் இல்லை. நான்தான்."

மறுமுனை பத்து நிமிஷம் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டியது. அவர் காதிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். போனை வைத்ததும் மகேஸ்வரி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! இரண்டு நாள் கழித்து ஆந்திராவிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. திங்கட்கிழமை அனுப்பு என்று.

கோடை போனது. ஆடி போனது. ஆவணியில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாமல் முகூர்த்தம். ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் நாங்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சென்னியப்பன் வந்தார். கையில் மைசூர்பாகு டப்பா.

"சமையல்காரிக்கே ஸ்வீட்டுங்களா?" என்று அக்கா சிரித்தார்.

"அம்மிணி, கோடை பூரா ரெண்டே மோட்டார்தான் திரும்பி வந்துச்சு. ஆந்திராக்காரரு தீபாவளி வரைக்கும் ஆர்டர் குடுத்துட்டாரு. காயில் பிரிவுல ஒருத்தரையும் அனுப்பலை. புதுசா ஆறு பேரைச் சேத்திருக்கறேன்."

"அடேங்கப்பா! நல்லா இருங்கண்ணா."

எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ரத்தினாக்கா கத்தியை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் மைசூர்பாகு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு சொல்லோணுமுங்க" என்றார். அவர் முகம் பளபளவென்று இருந்தது. "முன்னாலெல்லாம் மாசத்துக்கு ஒரு தப்புகூட வெளிய வராது. போன மாசம் மட்டும் பதினேழு தடவை வந்திருக்குது. பதினேழு தடவை 'நான்தான்'னு அவங்கவங்களே வந்து சொல்லியிருக்கறாங்க. காலைல நான் போய் நிக்கற வேலைகூட இப்ப இல்லை. தானா நடக்குது. அந்த ஆலோசகர் வந்து பாத்துட்டு அசந்துபோயிட்டாரு. இதைப் பத்தி வேற கம்பெனிக்காரங்களுக்குப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கறாங்க."

அக்கா நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டார். கையை உதறினார். அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பதினேழுல உங்களுது எத்தனைங்கண்ணா?"

சென்னியப்பன் எங்களைப் பார்த்தார். பிறகு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.